64 பக்க டிசைன் டாக்குமென்ட் ரெடி, டிசைன் லீட் நான்தான், அடுத்து என்ன?

கேள்வி, மார்ச் 2

ஒரு மொபைல் கேம் ஐடியா வச்சிருக்கேன். இருட்டு அறையில மெழுகுவத்திய இழுத்து நகத்தி, விழற நிழல வச்சு கதவு திறக்கற பசில். ரெண்டு வருஷமா எழுதி 64 பக்கத்துக்கு டிசைன் டாக்குமென்ட் ரெடி. ப்ரோக்ராமர் ஒருத்தர், ஆர்ட்டிஸ்ட் ஒருத்தர் சேர்றாங்க, டிசைன் லீட் நான். ஐடியா புதுசா இருந்து டாக்குமென்ட்டும் தெளிவா இருந்துட்டா மீதி எல்லாம் வெறும் உழைப்பு தாங்கறது என் கருத்து. கான்செப்ட்ல இருந்து லாஞ்ச் வரைக்கும் போனவங்க யாராச்சும் இருந்தா, டாக்குமென்ட்ல இன்னும் என்னென்ன சேக்கணும்னு சொல்லுங்க.

பதில், மார்ச் 2, இரவு 10:15

சேக்கறதுக்கு ஒண்ணும் இல்ல, கழிக்கறதுக்கு தான் இருக்கு. 64 பக்கத்த யாரு படிக்கப்போறா? நானும் எழுதினேன், 41 பக்கம், அட்டைப்படம் எல்லாம் போட்டு. எங்க டீம் அஞ்சு பேரு. ரொம்ப நாள் கழிச்சு தான் தெரிஞ்சுது, ப்ரோக்ராமர் ஆறாவது பக்கத்தோட நிறுத்திட்டாரு, ஆர்ட்டிஸ்ட் படம் இருக்கற பக்கத்த மட்டும் பாத்திருக்காங்க, சவுண்ட் பண்ணவரு ஃபைல திறக்கவே இல்ல. ஆனா மூணு பேரும் "படிச்சாச்சு, சூப்பர்"னு தான் சொன்னாங்க.

கடைசில வேலைக்கு ஆனது ஒரே வரி. "விரலால கோடு போட்டா எறும்பு அது மேல போகும், கோடு தன்னையே வெட்டக்கூடாது." இத பேப்பர்ல எழுதி சுவத்துல ஒட்டினோம். யாரு புதுசா எதக் கொண்டு வந்தாலும் அந்த வரிக்கு இது எதுக்குன்னு கேப்போம், பதில் இல்லன்னா வெளிய. 19 மாசம் அந்தப் பேப்பர் அங்கயே இருந்துது, டேப் தான் மூணு தடவ மாத்தினோம்.

உங்களோடதையும் ஒரு வரில போடுங்க பாப்போம். "மெழுகுவத்தி நகந்தா நிழல் மாறும், நிழல் தான் சாவி". நான் வெளிய இருந்து சொல்றேன், தப்பா இருந்தா திருத்திக்குங்க.

மார்ச் 3, காலை 7:50

அந்த வரிய அப்படியே எடுத்துக்கறேன்னு சொல்லிட்டீங்க, சந்தோஷம், பங்கெல்லாம் கேக்க மாட்டேன்.

புரோட்டோடைப், அதாவது ஆடிப் பாக்கற முதல் கச்சா வடிவம், எப்ப ஆரம்பிக்கணும்னு கேட்டிருக்கீங்க. இந்த வாரம். படம் வேண்டாம், கதை வேண்டாம், வட்டமும் கட்டமும் போதும், ஆனா ஃபோன்ல. இந்த "ஃபோன்ல"ங்கறத ரெண்டு தடவ படிச்சுக்குங்க, ஏன்னா நாங்க அத ரெண்டு மாசம் கழிச்சு தான் படிச்சோம். முதல்ல எல்லாமே கம்ப்யூட்டர்ல, மவுஸ் வச்சு ஆடிட்டு இருந்தோம், அவ்ளோ நல்லா இருந்துது, கோடு மெலிசா வருது, இண்டு இடுக்குல எல்லாம் நுழையுது, அந்தத் தெம்புல நான் 20 லெவல் வரைஞ்சு வச்சுட்டேன். ஒரு நாள் சாயங்காலம் ப்ரோக்ராமர் முதல் தடவையா ஃபோன்ல பில்ட், அதாவது அதுவரைக்கும் பண்ண கேம், ஏத்திக் கையில குடுத்தாரு. விரல வச்சேன், எறும்பக் காணோம். எங்கன்னு பாத்தா விரலுக்கு அடியில.

மவுஸ் முனை ஊசின்னா விரல் உலக்கை. தொடற பட்டன் 44 பாயிண்டுக்குக் கொறையக்கூடாதுன்னு ஆப்பிள் சொல்லுது, ஆண்ட்ராய்டுல 48 டிபி (ரெண்டும் ஸ்க்ரீன்ல அளக்கற அலகு), அதாவது சுமாரா 9 மில்லிமீட்டர். எங்க எறும்பு 4 மில்லிமீட்டர் கூட இல்ல. இதுல அதோட தலைய வேற கவனிச்சு ஓட்டணுமாம்.

என்ன பண்ணோம்னா, கோடு போடற முனைய விரலுக்குக் கொஞ்சம் மேல தள்ளி வச்சோம், விரல் ஒரு இடம், பேனா அதுக்கு மேல. ஆடறவங்க ரெண்டாவது லெவலுக்குள்ள பழகிட்டாங்க. ஆனா முனை எப்பவும் மேலயே இருந்தா ஸ்க்ரீனோட அடிப்பக்கம் கோடு போடவே முடியாது, விரல் ஃபோன விட்டே வெளிய போயிடும்! அதனால கீழ போகப் போக இடைவெளி கொறையற மாதிரி பண்ணி, அதுவும் பத்தாம, அடியில ஒரு பட்டைய காலியாவே விட்டு லெவல் வரைய ஆரம்பிச்சோம். அந்த 20 லெவல்ல 17 குப்பைக்குப் போச்சு. மிச்சம் மூணும் ஏன் தப்பிச்சுதுன்னா அதுல எறும்பு மேல இருந்து ஆரம்பிச்சுது, வேற ஒரு புத்திசாலித்தனமும் இல்ல.

மார்ச் 3, மதியம் 1:30

"ஐடியாவ இப்படிப் பொதுவுல சொல்லிட்டாரே, யாராச்சும் சுட்டுட்டா?"ன்னு ஒருத்தர் கவலப்பட்டிருக்காரு. ரிலீஸ் ஆகாத ஐடியாவ யாரும் சுடமாட்டாங்க, அதுக்கு முதல்ல அத நம்பணுமே. ஓடற கேமத் தான் சுடுவாங்க. த்ரீஸ்னு எண்ணு சேக்கற பசில், 14 மாசம் உழைச்சு 2014 பிப்ரவரில விட்டாங்க. அடுத்த மாசமே அதே சாயல்ல 2048 வந்துது, 19 வயசுப் பையன் ஒருத்தன் ஒரு வார இறுதில பண்ணி சும்மாவே விட்டான். இன்னிக்கு பத்து பேரக் கேட்டா எத்தன பேருக்கு முதல் பேரு தெரியும்? ஆங்க்ரி பேர்ட்ஸ் 2009 டிசம்பர்ல வந்தப்ப ரோவியோவுக்கு அது 52-ஆவது கேம். அப்ப முன்னாடி 51 ஐடியா என்ன ஆச்சு, சுட்டுட்டா போனாங்க?

மார்ச் 5, இரவு 11:05

ஃபோன நிமித்திப் பிடிக்கறதா படுக்கப் போடறதா. 64 பக்கத்துல இதப் பத்தி எத்தன வரி இருக்கு? எங்க 41-ல ஒண்ணுமே இல்ல.

நான் நிமித்தி தான் வேணும்னு ஒத்தக்கால்ல நின்னேன். கைவசம் ஆதாரம் வேற வச்சிருந்தேன், ஸ்டீவன் ஹூபர்னு ஒருத்தர் 2013-ல பொது இடங்கள்ல ஆளுங்க ஃபோன எப்படிப் பிடிக்கறாங்கன்னு நேராவே பாத்து 1,333 தடவ குறிச்சு வச்சாரு, அதுல 49 சதவீதம் ஒத்தக் கை. மீட்டிங்ல இதச் சொல்லி வாய அடைச்சுட்டேன். அப்ப இருந்த ஃபோன் சின்னது, இப்ப இருக்கறது பலகை, ஒத்தக் கைல கட்டைவிரல் மேல் மூலைய தொட்டா சர்க்கஸ்ங்கற விஷயத்த நான் சொல்லல. அவங்களும் கேக்கல.

முடிவு சரியா தான் வந்துது, எறும்பு மேலயும் கீழயும் போற விளையாட்டு அது. ஆனா ஒரு எண்ண எடுத்து அடுத்தவங்க தலைல அடிச்சு ஜெயிச்சேன், அது லீட் பண்ற வேலை இல்ல. ரெண்டு விதத்துலயும் ஒரு நாள் பில்ட் போட்டுக் கையில குடுத்திருந்தா பேச்சே தேவப்பட்டிருக்காது.

இன்னொண்ணு, இது பாதில மாறும், மாறலாம். ப்ரால் ஸ்டார்ஸ் 2017 ஜூன்ல சாஃப்ட் லாஞ்ச் (சில இடங்கள்ல மட்டும் சோதனைக்கு விடறது) ஆனப்ப நிமித்திப் பிடிச்சு ஆடற கேம். நடுவுல படுக்கப் போட்டு மாத்தி, கண்ட்ரோல் எல்லாம் மாத்தி, உலகம் பூரா வந்தது 2018 டிசம்பர்ல. ஒன்றர வருஷம். அத்தன பெரிய கேமே ஆளுங்க கைல போனதுக்கப்புறம் தான் முடிவாச்சுன்னா நாம டாக்குமென்ட்லயே முடிவு பண்ணி என்ன ஆகப்போகுது.

மார்ச் 8, காலை 6:40

தூக்கம் வரல, அதனால நீளமா எழுதறேன்.

ப்ளே டெஸ்ட். கேமப் பத்தி ஒண்ணுமே தெரியாத ஆளுகிட்ட ஃபோனக் குடுத்துட்டு பக்கத்துல சும்மா உக்காரணும். இந்த "சும்மா" தான் கஷ்டம். முதல் ஆளு ஃபோன வாங்கினாங்க, ஸ்க்ரீன்ல எறும்பு நிக்குது, அத ஒரு தட்டு தட்டினாங்க. ஒண்ணும் ஆகல. மறுபடி தட்டினாங்க. நான் வாய வச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கணும், "இல்ல இல்ல, இழுங்க"ன்னு சொல்லிட்டேன். உடனே "ஓ, இழுக்கணுமா"ன்னு இழுத்தாங்க, எல்லா லெவலும் ஆடினாங்க, நல்லா இருக்குன்னாங்க, நான் வீட்டுக்குப் போயி டீமுக்கு "டெஸ்ட் பாஸ்"னு மெசேஜ் போட்டேன். வெக்கமா இருக்கு இப்ப. ஸ்டோர்ல இறக்கற ஒவ்வொருத்தர் பக்கத்துலயும் நான் உக்காந்து "இழுங்க இழுங்க"ன்னு சொல்ல முடியுமா?

அதுக்கப்புறம் ஒரு விதி வச்சோம், டெஸ்ட் நடக்கும்போது டிசைனர் ஆளுக்குப் பின்னாடி உக்காரணும், கைல பேப்பர் பேனா, வாயில பேனா மூடி. மூடிய எடுத்தா அவர் வெளிய. நான் ரெண்டு மூடிய கடிச்சே ஒடச்சிருக்கேன்.

பாத்து எழுத வேண்டியது என்னன்னா, அவங்க சொல்றத இல்ல, செய்யறத. "நல்லா இருக்கு"ன்னு எல்லாரும் சொல்வாங்க, மூஞ்சிக்கு நேரா வேற என்ன சொல்வாங்க. எங்க விரல் தயங்குது, எங்க ஃபோன கொஞ்சம் கிட்ட கொண்டு வர்றாங்க, தோத்ததுக்கப்புறம் "மறுபடி"ய எவ்ளோ சீக்கிரம் தட்டறாங்க, இல்ல நிமிந்து நம்ம மூஞ்சியப் பாக்கறாங்களான்னு கவனிங்க. நிமிந்து பாத்தா கேம் அங்க செத்துப் போச்சுன்னு அர்த்தம்.

முதல் ஆளு தட்டினாங்க இல்ல, அதுக்கு நாங்க ட்யூட்டோரியல் எழுதினோம், நாலு பக்கம், அம்புக்குறி, ஒரு பெரிய கை படம். யாரும் படிக்கல, "சரி, சரி, சரி"ன்னு தட்டித் தள்ளிட்டு மறுபடி எறும்பத் தட்டினாங்க. அப்புறம் ஆர்ட்டிஸ்ட் ஒரு வேலை பண்ணாங்க, எறும்பு முன்னாடி பாதி போட்ட கோடு ஒண்ண வச்சாங்க, நாலு புள்ளி, அங்கயே அறுந்து நிக்குது, அந்தப் பக்கம் சர்க்கரைத் துணுக்கு. அவ்ளோ தான். அறுந்த கோட்டப் பாத்தா யாருக்கும் விரல் சும்மா இருக்காது. நாலு பக்கம் போச்சு, நாலு புள்ளி நின்னுது. டிசைன் லீட்னு பேரு எனக்கு, டிசைன் பண்ணது அவங்க.

மார்ச் 8, மாலை 5:20

முதல் குறிப்புல டாக்குமென்ட்ட ரொம்பத் திட்டிட்டேன், ஒருத்தர் சரியா தான் கேட்டிருக்காரு, "அப்ப எதுவுமே எழுதக் கூடாதா?"ன்னு. எழுதுங்க. ஆனா என்ன பண்ணப்போறோங்கறத எழுதறத விட எத ஏன் விட்டோங்கறத எழுதுங்க. தேதி போட்டு, ரெண்டு வரில. எங்ககிட்ட அது இல்லாததால ஒரே விவாதத்த நாலு மாசத்துக்கு ஒரு தடவ புதுசு மாதிரி பேசினோம், போன தடவ நான் எந்தப் பக்கம் இருந்தேன்னே எனக்கு ஞாபகம் இல்ல.

மார்ச் 12, இரவு 9:30

எத வெட்டறதுன்னு எப்படி முடிவு பண்றதுன்னு கேட்டீங்க. மத்தவங்க ஐடியாவ வெட்டறது சுலபம், சுவத்துல வரி இருக்கு, அதக் காட்டிடலாம். நம்ம ஐடியாவ வெட்டறப்ப அந்த வரி கண்ணுக்கே தெரியாது.

எனக்கு மழை. மழை பெஞ்சா போட்ட கோடு கொஞ்சம் கொஞ்சமா அழியும், எறும்பு வாசன தப்பித் தடுமாறும். நெஜ எறும்பும் வாசனத் தடத்தப் பிடிச்சு தானே போகுது, எவ்ளோ பொருத்தம்னு எனக்கு ஒரே பெருமை. ஆர்ட்டிஸ்ட் மூணு வாரம் உக்காந்து துளி துளியா வரைஞ்சாங்க. டெஸ்ட்ல என்ன ஆச்சு? "கோடு தானா போயிடுது, பக்னு நினைக்கறேன்"னு ஒருத்தர். அடுத்தவரும் அதே. நான் என்ன பண்ணேன், இடி சத்தம் சேத்தேன், வானத்த இருட்டாக்கினேன், "மழை வருது"ன்னு எழுத்து போட்டேன். நாலு மாசம். வேற யாராச்சும் கொண்டு வந்த ஐடியாவா இருந்தா நாலு நாள்ல தூக்கியிருப்பேன்.

கடைசில அவங்க தான் வந்து சொன்னாங்க, மூணு வாரம் வரைஞ்சவங்களே, "இத எடுத்துடலாம், நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்"னு. அவங்க மனசு நோகுமேன்னு தான் வச்சிருக்கேன்னு அவங்க நினைச்சிருக்காங்க. நான் அதக் கூட நினைக்கல.

மார்ச் 12, இரவு 9:55

மழை பத்தி சொல்ல விட்டுப்போச்சு, அது இப்ப மெனு ஸ்க்ரீனுக்குப் பின்னாடி பெய்யுது. யாருக்கும் இடைஞ்சல் இல்ல.

மார்ச் 14, மதியம் 12:10

எந்த இன்ஜின்ல, அதாவது எந்த கேம் கட்டற சாஃப்ட்வேர்ல பண்றதுன்னு சண்ட ஆரம்பிச்சுட்டாங்க கீழ. ப்ரோக்ராமருக்கு எது கை பழகியிருக்கோ அது. 2023 செப்டம்பர்ல யூனிட்டிங்கற இன்ஜின் கம்பெனி ஒவ்வொரு இன்ஸ்டாலுக்கும் கட்டணம்னு அறிவிச்சு, ஒரு வருஷம் கழிச்சு அதையே கைவிட்டாங்க, அந்த ஒரு வருஷம் பூரா இன்ஜின் மாறலாமா வேண்டாமான்னு பேசியே நேரம் ஓட்டின டீம் எனக்குத் தெரியும். இதுக்கு மேல இந்தச் சண்டைக்கு நான் வரல.

மார்ச் 17, இரவு 10:40

லெவல் கஷ்டம். இது பெரிய தலைப்பு, ஒண்ணு மட்டும் சொல்றேன்: கேம் பண்றவன் கண்ணுக்கு எல்லா லெவலும் சுலபமா தான் தெரியும், 800 தடவ ஆடினவன் அவன். உங்களுக்கு சலிப்பு தட்டற லெவல் தான் புதுசா வர்றவங்களுக்கு சரியான லெவல். அளவு மாத்தறப்ப, சிவிலைசேஷன் கேம் பண்ண சிட் மையர் கடைப்பிடிச்ச வழி எனக்குப் பிடிக்கும், ஒரு எண்ண மாத்தணும்னா பாதியாக்கு இல்ல ரெண்டு மடங்காக்கு. எறும்பு வேகத்த நூத்துக்கு அஞ்சு அஞ்சா ஏத்திட்டு இருந்தா வித்தியாசமே தெரியாம ஒரு வாரம் போயிடும்.

உதாரணம் எங்க 11-ஆவது லெவல். சாஃப்ட் லாஞ்ச்ல எத்தன பேரு எந்த லெவல முடிச்சாங்கங்கற க்ராஃப்ல பத்து வரைக்கும் மெதுவா இறங்கிட்டு வந்த கோடு 11-ல படிக்கட்டு மாதிரி விழுந்துது, பத்த முடிச்சவங்கள்ல கிட்டத்தட்ட மூணுல ஒருத்தர் 11-அ முடிக்கல. செவப்பு எறும்பு, பச்ச எறும்புன்னு ரெண்டு வகை முதல் தடவையா சேந்து வர்ற லெவல் அது, கஷ்டம் ஒரேயடியா ஏறிடுச்சுன்னு புரிஞ்சுது. கோட்டு நீளத்த ரெண்டு மடங்காக்கினேன், ரெண்டு வகை எறும்ப 14-க்கு தள்ளினேன், 11-ல அந்தப் படிக்கட்டு காணாம போச்சு. டேட்டாவப் பாத்து டிசைன் பண்றதுன்னா இது தான்.

மார்ச் 18, காலை 8:05

"11-ல எத்தன தடவ தோத்தாங்கன்னு பாத்தீங்களா, தள்ளினதுக்கப்புறம் 14-ல என்ன ஆச்சு?"ன்னு ரெண்டே வரில கேட்டிருக்கீங்க. நேத்து ராத்திரி அந்தக் கதைய நான் பாதில நிறுத்தினது எனக்கே தெரியும். சரி, மீதியும் சொல்றேன்.

14-ல அதே படிக்கட்டு வந்துது.

நான் அதையும் கஷ்டம்னு தான் எடுத்துக்கிட்டேன், மூணு வாரம் 14-ஆவது லெவல உருட்டினேன், கடைசில தூங்கிட்டே ஜெயிக்கற அளவுக்கு ஆக்கினேன், படிக்கட்டு அசையல. எங்க டீம்லயே வயசுல சின்னவரு, வந்து ஆறு மாசம் ஆன ப்ரோக்ராமர், நீங்க கேட்ட அதே கேள்விய கேட்டாரு. லெவல் ஆரம்பிச்சா ஆடறவங்க ஃபோன்ல இருந்து எங்களுக்கு ஒரு செய்தி வரும், தோத்தா ஒண்ணு, ஜெயிச்சா ஒண்ணு. கஷ்டமான லெவல்னா ஆரம்பம், தோல்வி, ஆரம்பம், தோல்வின்னு அடுக்கடுக்கா வரணும். போனவங்களுக்கு ஆரம்பம்னு ஒண்ணு வந்திருக்கு, அதுக்கப்புறம் ஒண்ணுமே இல்ல. தோக்கவே இல்ல அவங்க, காணாம போயிட்டாங்க. அந்தப் பட்டியல்லயே ஃபோன் மாடலும் இருந்துது, பாத்தா பெரும்பாலும் 1 ஜிபி ரேம் ஃபோன்.

ஆப் செத்துட்டு இருந்துது. அப்ப க்ராஷ் ரிப்போர்ட்ல ஏன் வரலன்னா, மெமரி பத்தலன்னு ஆண்ட்ராய்டே ஆப்ப கொன்னுட்டா ரிப்போர்ட் எழுத வேண்டியவனும் சேந்து தான் சாகறான், யாரு எழுதறது? க்ராஷ் லிஸ்ட் சுத்தமா இருக்குன்னு நான் வாரா வாரம் பெருமையா சொல்லிட்டு இருந்தேன்.

மெமரி ஏன் பத்தலன்னு தோண்டினா அதுவும் என் கிட்ட தான் வந்து நின்னுது. முன்னாடி ஒரு டெஸ்ட்ல ஒருத்தர் செவப்பு எறும்பையும் பச்ச எறும்பையும் மாத்தி மாத்தி இழுத்தாரு, அவருக்கு ரெண்டும் ஒரே நிறம். ஆம்பளைங்கள்ல நூத்துக்கு எட்டு பேரு வரைக்கும் இந்த மாதிரி இருக்காங்கன்னு அப்புறம் தான் படிச்சேன், உடனே நிறத்தோட சேத்து கோடு, புள்ளி, கட்டம்னு எறும்பு முதுகுல வடிவம் போடச் சொன்னேன். நல்ல காரியம், இப்பவும் சொல்வேன். "நல்லா தெளிவா இருக்கட்டும்"னும் சொன்னேன். தெளிவா போட்டாங்க, நாலு பெரிய பட ஷீட், ஒவ்வொண்ணும் 2048-க்கு 2048 பிக்சல். ஃபைல் அளவப் பாத்தா சின்னது தான், ஆனா கம்ப்ரெஸ் பண்ணாம மெமரில ஏறினா ஒரு பிக்சலுக்கு 4 பைட், ஒரு ஷீட் 16 எம்பி, நாலும் சேந்து 64. ரெண்டு வகை எறும்பு வர்ற லெவல்ல தான் அது நாலும் ஒண்ணா ஏறுது. நான் லெவல நகத்தினேன், கூடவே படிக்கட்டும் நகந்துது. ஈடிசி2ன்னு, படத்த மெமரிலயும் சுருக்கியே வைக்கற கம்ப்ரெஷன் போட்டதும் ஒரு ஷீட் 4 எம்பி ஆச்சு, மொத்தம் ரெண்டு மணி நேர வேல.

இதுல இன்னொரு கொடும, எங்க டேபிள் மேல இருந்த டெஸ்ட் ஃபோன் ஆறும் புதுசு. கைல கெடைக்கற பழைய, ஸ்க்ரீன் கீறின, சூடாகற ஃபோன் ஒண்ணு வாங்கி வச்சுக்குங்க, தினமும் பில்ட் முதல்ல அதுல ஏறட்டும். எங்களோடதுக்கு நாங்க பேரே வச்சோம், தாத்தா. "தாத்தா ஒத்துக்கிட்டாரா?"ன்னு தான் கேப்போம்.

மார்ச் 18, காலை 8:20

நேத்திய குறிப்ப அழிக்கலாமான்னு பாத்தேன், இருக்கட்டும். "டேட்டாவப் பாத்து டிசைன் பண்றதுன்னா இது தான்" – ஆமா, இது தான்.

மார்ச் 21, இரவு 11:30

பணம் எப்படி வரும்னு உங்க 64 பக்கத்துல 58-ஆவது பக்கத்துல வருதுன்னு சொன்னீங்க. அது முதல் புரோட்டோடைப்போட சேந்து வரணும், ஏன்னா அது கேமோட வடிவத்தையே மாத்திடும். நாங்க கடைசில ஒட்ட வச்சோம். அஞ்சு உயிர், தோத்தா ஒண்ணு போகும், காத்திரு இல்ல விளம்பரம் பாரு. நாங்க பண்ணது என்ன கேம்? கோடு போட்டுப் பாத்து, தப்புப் பண்ணி, கத்துக்கற கேம். அதுல தப்புக்கு அபராதம் போட்டா என்ன ஆகும், ஆளுங்க கோடு போடவே பயந்துட்டு ஸ்க்ரீன வெறிச்சுப் பாத்துட்டு உக்காந்தாங்க. ப்ளே டெஸ்ட்ல அதப் பாக்கறப்ப எனக்கே பாவமா இருந்துது. உயிர தூக்கிட்டோம். வேணும்னா ஒரு விளம்பரம் பாத்துட்டு அடுத்த துண்டுக் கோடு எங்க போகும்னு குறிப்பு வாங்கிக்கலாம், விளம்பரமே வேண்டாம்னா ஒரு தடவ காசு குடுத்து நீக்கிக்கலாம், அவ்ளோ தான். பெரிய பணம் வரல, கேம் கெடல.

விளம்பரம் குடுத்து ஆளு பிடிக்கலாம்னு கணக்குப் போடறவங்களுக்கு: 2021 ஏப்ரல்ல ஐஓஎஸ் 14.5 வந்ததுல இருந்து, ஆப் உங்களத் தொடரலாமான்னு ஆளுகிட்ட கேட்டே ஆகணும். அதுக்கு முன்னாடி எழுதின விளம்பரக் கணக்குப் பாடம் எதையும் அப்படியே நம்பாதீங்க.

மார்ச் 24, மாலை 6:15

"ரிட்டென்ஷன் எவ்ளோ வந்தா லாஞ்ச் பண்ணலாம்?" இறக்கினவங்கள்ல எத்தன பேரு திரும்ப வந்து ஆடறாங்கங்கறது தான் ரிட்டென்ஷன். முதல் நாள் 40, ஏழாவது நாள் 20, முப்பதாவது நாள் 10 சதவீதம்னு ஒரு பழைய வாய்ப்பாடு சுத்திட்டு இருக்கு. எங்களுக்கு முதல் நாள் கிட்ட வந்துது, முப்பதாவது நாள் வரவே இல்ல. 90 லெவல் இருக்கற பசில முடிச்சவன் ஏன் முப்பதாவது நாள் வரப்போறான்? அந்த எண்ணுக்காக தினசரிப் பரிசு, சக்கரம் சுத்தறதுன்னு சேக்கலாமான்னு ஒரு மாசம் பேசினோம், சுவத்துல இருந்த வரி காப்பாத்துச்சு. உங்களோடதும் முடிவு இருக்கற கேம், ஏழாவது நாளோட நிறுத்திக்கிட்டு எத்தன பேரு கடைசி கதவத் திறந்தாங்கன்னு எண்ணுங்க.

மார்ச் 29, இரவு 10:00

லாஞ்ச் பத்தி சுருக்கமா தான் சொல்ல முடியும், அது நிஜமாவே சுருக்கமா தான் முடிஞ்சுது.

கூகுள் ப்ளேல 2023 நவம்பர் 13-க்கு அப்புறம் தனிநபர் கணக்கு திறந்திருந்தா, வெளியிடறதுக்கு முன்னாடி அழைச்ச ஆளுங்க மட்டும் ஆடற மூடின டெஸ்ட் ஒண்ணு நடத்திக் காட்டணும், 14 நாள் தொடர்ந்து. முதல்ல 20 பேருன்னாங்க, அப்புறம் 12-ஆ கொறச்சாங்க. இந்த 12 பேர இப்பவே பிடிச்சு வைங்க, கடைசி வாரத்துல தேடினா சொந்தக்காரங்க காலுல விழ வேண்டியிருக்கும். ஒரு ஸ்டோர்ல எங்கள ரெண்டு தடவ திருப்பி அனுப்பினாங்க, விளம்பரம் நீக்க காசு குடுத்தவரு ஃபோன் மாத்தினா அத மறுபடி எடுத்துக்க ஒரு பட்டன் வேணும், அது இல்ல. விதியில தெளிவா இருக்கு, லீட் நான் தான் படிச்சிருக்கணும். லாஞ்ச் தேதிய வெளிய சொன்னதுக்கப்புறம் இது.

கொஞ்ச கொஞ்சமா விடலாம்னு நினைச்சிருந்தோம். ஆப்பிள்ல ஏழு நாள்ல 1, 2, 5, 10, 20, 50, 100 சதவீதம்னு படிப்படியா போற வசதி இருக்கு, ஆனா அது அப்டேட்டுக்கு மட்டும் தான், முதல் ரிலீஸ் எல்லாருக்கும் ஒரேயடியா தான் போகும். இதையும் முந்தின நாள் ராத்திரி தான் தெரிஞ்சுக்கிட்டோம்.

லாஞ்ச் அன்னிக்கு அஞ்சு பேரும் ஒரு ஸ்க்ரீனயே பாத்துட்டு உக்காந்திருந்தோம். முதல் ரிவ்யூ ஒரு ஸ்டார். "எறும்பு பாவம்"னு மட்டும் எழுதியிருந்துது. ஆர்ட்டிஸ்ட் சிரிச்ச சிரிப்புல நாற்காலி சாஞ்சுது. நான் அந்த ராத்திரியே "எறும்பு சாகல, வீட்டுக்குத் திரும்பிப் போகுது"ன்னு காட்ட ரெண்டு செகண்ட் அனிமேஷன் கேட்டேன், அடுத்த அப்டேட்ல போச்சு. அந்த ஆளு திரும்பி வந்து ஸ்டார மாத்தல.

ஏப்ரல் 2, காலை 9:10

தமிழ்ல எழுத்து போடப்போறீங்கன்னா ஒரு எச்சரிக்கை, யூனிட்டில எழுத்து காட்டற டெக்ஸ்ட்மெஷ் ப்ரோல சும்மா போட்டா "கொ"வோட கொம்பு முன்னாடி வராது, எழுத்து பிரிஞ்சு தொங்கும். அரபிலயும் இது போல வேற தலைவலி. நாங்க கடைசில பாத்து, எழுத்துக்குப் பதிலா படம் போட்டு சமாளிச்சோம். இருக்கற எழுத்தக் கொறச்சா இந்தப் பிரச்சினையும் கொறையும், நாலு புள்ளி ஞாபகம் இருக்கட்டும்.

ஏப்ரல் 20, இரவு 12:45

புரோட்டோடைப் லிங்க் அனுப்பினதுக்கு நன்றி. வட்டமும் கட்டமும் தான், ஃபோன்ல தான், ரெண்டும் கேட்டபடியே பண்ணியிருக்கீங்க. 64 பக்கம் என்ன ஆச்சுன்னு கேக்கல.

தாத்தாவுல ஏத்தினேன், ஒத்துக்கிட்டாரு, கொஞ்சம் சூடானாரு. மூணாவது அறையில நிழல் ரெண்டு ஒண்ணு சேந்து சாவி வடிவம் ஆகுது பாருங்க, அங்க நான் வாய் விட்டு "அட"ன்னேன். நாலாவதுல சிக்கிட்டேன், பதினோரு நிமிஷம். ஏன்னு சொல்ல மாட்டேன். என் கையும் ஸ்க்ரீனும் தெரியற மாதிரி வீடியோ எடுத்து அனுப்பியிருக்கேன், ஒரு வார்த்த பேசாம தான் ஆடியிருக்கேன். மெழுகுவத்தி எங்க இருக்கு, என் கட்டைவிரல் எங்க இருக்குன்னு மட்டும் பாருங்க.